லண்டனில் பிள்ளைகளைப் போதைப்பொருள் குழுக்களின் பிடியிலிருந்து காப்பது எப்படி: தமிழ்ப் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

வன்முறையிலும் சுரண்டலிலும் சிக்கிய இளையோருக்குத் துணை நிற்கும் லண்டன் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹரோ, குரோய்டன் பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்கள் அழைத்தால் அந்த அழைப்பு பெரும்பாலும் என்னிடம்தான் வரும். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிய பகுதிகள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்தில் சில விதிகள் வேறு.

பிள்ளை இரவு வீட்டுக்கு வரவில்லை. 24 மணி நேரம் பொறுத்துத்தான் பொலிஸில் சொல்ல வேண்டுமா?

இல்லை. அப்படி ஒரு விதியே கிடையாது. வழக்கத்துக்கு மாறாகப் பிள்ளையைக் காணவில்லை என்றால் உடனே 101-க்கு அழையுங்கள். ஆபத்தில் இருக்கிறான் என்று மனம் சொன்னால் 999. என்ன உடுத்தியிருந்தான், எந்தப் போன் எண், கடைசியாக யாரோடு கதைத்தான் என்பதைச் சொல்லுங்கள். அழைப்புக்கு ஒரு குறிப்பு எண் தருவார்கள், அதை எழுதி வையுங்கள். காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு உதவும் 'மிஸ்ஸிங் பீப்பிள்' என்ற அமைப்புக்கு 116 000-இல் காசில்லாமல் அழைக்கலாம்.

அவன் திரும்பி வந்ததும் என்ன செய்கிறீர்கள் என்பதும் பெரிய விஷயம். இரண்டு நாள் தூங்காமல் இருந்த தாய்க்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் முதலில் சாப்பாடு கொடுங்கள், காயம் இருக்கிறதா பாருங்கள், படுக்க விடுங்கள். சட்டைப் பையில் ரயில் டிக்கெட்டோ உங்களுக்குத் தெரியாத போனோ கண்ணில் பட்டால், அதைத் தேதியோடு குறித்து வையுங்கள். காணாமற்போன பிள்ளை திரும்பிய 72 மணி நேரத்துக்குள், குடும்பத்தையோ பொலிஸையோ சேராத ஒருவர் அவனோடு கதைக்க கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) ஏற்பாடு செய்ய வேண்டும். "அதெல்லாம் வேண்டாம், அவன்தான் வந்துவிட்டானே" என்று பல பெற்றோர் மறுத்துவிடுகிறார்கள். மறுக்காதீர்கள். உங்களிடம் சொல்லாததை அந்த ஆளிடம் சொல்லும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

'கவுன்டி லைன்ஸ்' என்கிறார்களே, அது என்ன?

'லைன்' என்பது ஒரு போன் எண். போதைப்பொருள் வேண்டுபவர்கள் அந்த எண்ணுக்கு அழைப்பார்கள். எண்ணை வைத்திருப்பவர் லண்டனிலோ லிவர்பூலிலோ இருப்பார். வாங்குபவர் நூறு மைல் தள்ளி ஒரு சிறிய ஊரிலோ கடற்கரை நகரத்திலோ இருப்பார். இடையில் ஹெரோயினையும் கிராக் கொக்கெய்னையும் கொண்டுபோக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பிள்ளை. ரயிலில் போவான், அங்கே சில நாள் தங்குவான், விற்றுக் காசைக் கொண்டுவருவான். பிள்ளைகள் இதை 'கன்ட்ரி போவது', 'ஓ.டி.' (OT) என்றெல்லாம் சொல்வார்கள்.

தங்குவது எங்கே? குயில் தானாகக் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டை இடும் என்று நமக்குத் தெரியும். அதே போல, போதைக்கு அடிமையான ஒருவரின் வீட்டையோ தனியாக வாழும் நோயாளியின் வீட்டையோ குழு பிடித்துக்கொள்ளும். இங்கே அதற்குப் பெயரே 'குக்கூயிங்'. படுக்க இடமில்லாத, ஊசிகள் சிதறிக் கிடக்கும் அந்த வீட்டில் உங்கள் பிள்ளை அந்நியர்களோடு தனியாக இருக்கிறான். அவன் கையில் இருக்கும் பொருளைப் பறிக்க வேறு குழு எந்த நேரமும் கதவை உடைத்து வரலாம்.

என் மகன் நன்றாகப் படிப்பவன், டியூஷன் போகிறவன். அவனை ஏன் பிடிக்கிறார்கள்?

அவன் அப்படி இருப்பதால்தான். பொலிஸ் பதிவில் பெயர் இல்லாத, பள்ளிச் சீருடை போட்ட பையனை ரயில் நிலையத்தில் யாரும் தடுக்கமாட்டார்கள். பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவர்களும் வீடு குழம்பிப்போனவர்களும் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் மட்டும்தான் என்று நினைத்தால் தவறு.

பிடிப்பது இப்படி நடக்கும். பள்ளி விட்டபின், பெற்றோர் இருவரும் வேலையில் இருக்கும் அந்த மூன்று மணி நேரத்தில், பொரித்த கோழிக் கடையில் ஒரு அண்ணா சாப்பாடு வாங்கித் தருவார். அடுத்த வாரம் காரில் ஒரு சுற்று. அப்புறம் ஒரு சப்பாத்து, ஒரு போன். "உனக்கு யாரும் கை வைத்தால் என்னிடம் சொல்லு." வீட்டில் கேட்காத வார்த்தை அது. பிறகு ஒரு சின்ன உதவி: இந்தப் பையை அந்தத் தெருவில் கொடுத்துவிட்டு வா. 30 பவுண் கையில். பையன் தன்னைப் பெரிய ஆளாக உணர்கிறான்.

அதன் பிறகுதான் பொறி. ஒருநாள் பொருளோடு போகும்போது முகமூடி போட்ட இரண்டு பேர் அவனை அடித்துப் பறித்துப்போவார்கள். பறித்தவர்களை அனுப்பியது பெரும்பாலும் அதே அண்ணாதான். அது பையனுக்குத் தெரியாது. "ஆயிரம் பவுண் போய்விட்டது, நீதான் உழைத்துக் கட்ட வேண்டும்" என்பார். அந்தக் கடன் தீரவே தீராது. தாமதித்தால் வட்டி, மறுத்தால் "உன் தங்கை எந்தப் பள்ளி என்று தெரியும்" என்ற மிரட்டல். இந்தக் கட்டத்தில்தான் பிள்ளை உங்களிடம் எரிந்து விழத் தொடங்குகிறான். அவன் திமிர் பிடித்துப்போய்விட்டான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவனோ தங்கையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

எங்கள் வேலையில் பாதி இந்தக் கடன் பொய் என்று பிள்ளைக்குப் புரியவைப்பதுதான்.

என்ன அடையாளங்களைப் பார்க்க வேண்டும்?

ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பதின்வயதுப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது உலக வழக்கம். மாற்றம் திடீரென்று வந்ததா, பல ஒன்றாக வந்தனவா என்று பாருங்கள். இரண்டாவதாக ஒரு மலிவுப் போன். காசு வந்த வழி தெரியாத உடுப்பு. போன் ஒலித்ததும் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடுவது. முன்பு கேள்விப்படாத ஊரின் பெயர் பேச்சில் வருவது. பள்ளியில் பிற்பகல் வகுப்புகளுக்கு மட்டும் வராமல் இருப்பது. சொல்ல முடியாத காயம். அதிகமாகக் குளிப்பது, உள்ளாடைகளை ஒளித்து வைப்பது: இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். பொருளை உடலுக்குள் மறைத்துக் கொண்டுபோகப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துகிறார்கள். அது பாலியல் கொடுமையும்தான்.

ஒருகாலத்தில் உயிராக இருந்த கிரிக்கெட்டையோ மிருதங்கத்தையோ காரணம் சொல்லாமல் விட்டுவிடுவதை நான் தனியாகக் கவனிப்பேன். நேரம் அவன் கையில் இல்லை என்பதற்கு அது சாட்சி.

கேட்டால் வாய் திறக்கமாட்டேன் என்கிறான். எப்படிக் கதைப்பது?

நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். கார் ஓட்டும்போது, சமைக்கும்போது, முகம் பார்க்காமல் கதைப்பது எளிது. "யாரோடு திரிகிறாய்?" என்பதைவிட "உனக்கு யாராவது கரைச்சல் கொடுக்கிறார்களா? யாருக்காவது காசு கொடுக்க வேண்டியிருக்கிறதா?" என்று கேளுங்கள். கடனைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறும். அப்போது அறிவுரை வேண்டாம். "எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தாலும் உன்னை விடமாட்டேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். அதையே வாரம் ஒருமுறை சொல்லுங்கள்.

அந்தக் கடனை நீங்களே கட்டிவிடலாம் என்று நினைப்பீர்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய பெற்றோரை எனக்குத் தெரியும். இந்தக் குடும்பத்திடம் காசு வரும் என்று தெரிந்ததும் குழு அடுத்த மாதம் இரண்டு மடங்கு கேட்டது. கட்டுவதற்கு முன் எங்களைப் போன்றவர்களிடமோ பொலிஸிடமோ கதையுங்கள்.

போதைப்பொருள் விற்றது உண்மை. சட்டத்தின் பார்வையில் அவன் குற்றவாளிதானே?

இங்கே பத்து வயதிலிருந்தே ஒரு பிள்ளை மீது குற்றம் சாட்டலாம். அதனால் பயம் நியாயமானது. ஆனால் 2015-ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனச் சட்டம் இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அதன் 45-ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்ட ஒருவர் சுரண்டலின் நேரடி விளைவாகச் செய்த குற்றத்துக்கு நீதிமன்றத்தில் தற்காப்பு உண்டு. கொலை, கொள்ளை போன்ற பெருங்குற்றங்களுக்கு இது பொருந்தாது. மற்றவற்றில், போதைப்பொருள் விற்றது உட்பட, பொருந்தலாம்.

இதோடு, ஆட்கடத்தலுக்கும் சுரண்டலுக்கும் ஆளானவர்களை அடையாளம் காண 'தேசியப் பரிந்துரை முறை' ஒன்று 2009 முதல் இருக்கிறது. சுருக்கமாக என்ஆர்எம் என்பார்கள். பொலிஸ், கவுன்சில், குறிப்பிட்ட சில தொண்டு நிறுவனங்கள் பிள்ளையின் பெயரை அதற்கு அனுப்பலாம். பெற்றோர் நேரடியாக அனுப்ப முடியாது, ஆனால் அனுப்பும்படி கேட்கலாம். பிள்ளை என்றால் அவன் சம்மதமும் தேவையில்லை. 'ஆட்கடத்தல்' என்ற சொல்லைக் கேட்டு "அது வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு, நாங்கள் பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர்கள்" என்று விலகிவிடாதீர்கள். லண்டனில் பிறந்த பையனை நோர்விச்சுக்கு அனுப்பி விற்கவைத்தாலும் அது கடத்தல்தான்.

கைது நடந்துவிட்டால் மூன்று விஷயம். பொலிஸ் நிலையத்தில் வழக்கறிஞர் இலவசம், கட்டாயம் கேளுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் விசாரணையின்போது பெற்றோரோ வேறு பொறுப்பான பெரியவரோ கூட இருக்க வேண்டும். அந்த வழக்கறிஞரிடம் "இவனை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள், என்ஆர்எம் பற்றிப் பாருங்கள்" என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். யாரும் சொல்லாததால் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதிவு வாங்கிய பிள்ளைகள் உண்டு. பத்து வயதைத் தாண்டிய பிள்ளை குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தையும் பார்ப்பார்கள் என்பதால், அந்தப் பதிவு அங்கேயும் வந்து நிற்கும்.

சுரண்டியவர்களைத் தண்டிப்பதற்கு, பிள்ளைகளைக் குற்றத்தில் ஈடுபடுத்துவதையே தனிக் குற்றமாக்கும் மசோதா 2025-இல் பாராளுமன்றத்துக்கு வந்தது. எங்கள் துறையில் இருப்பவர்கள் அதற்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்திருக்கிறோம்.

பாதுகாப்புக்காகத்தான் கத்தி வைத்திருக்கிறேன் என்கிறான்.

அது சட்டத்தில் செல்லாத காரணம். பொது இடத்தில் தகுந்த காரணமின்றிக் கத்தி வைத்திருந்தாலே நான்கு ஆண்டு வரை சிறை, வெளியே எடுக்காவிட்டாலும் சரி. வீட்டுச் சமையல் கத்தியும் இதில் அடங்கும். அலமாரியில் கத்திகளை எண்ணிப் பாருங்கள் என்று அம்மாக்களிடம் சொல்கிறேன். பல் பல்லான விளிம்புள்ள 'சொம்பி' கத்திகள் 2024 செப்டம்பரிலும் நிஞ்சா வாள்கள் 2025 ஓகஸ்டிலும் தடை செய்யப்பட்டன, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

ஆனால் அவன் பயப்படுகிறான் என்பதைத் தள்ளிவிடாதீர்கள். எந்தத் தெருவில், யாருக்குப் பயம் என்று கேளுங்கள். பேராசிரியர் கார்லீன் ஃபர்மின் என்பவரின் ஆய்வுகளால் இங்கே பார்வையே மாறியது: ஆபத்து வீட்டுக்குள் இல்லாமல் பேருந்து நிறுத்தத்திலும் மாடிப்படியிலும் இருக்கும்போது, பெற்றோரைத் திருத்துவதால் பயனில்லை, அந்த இடத்தைத்தான் திருத்த வேண்டும் என்றார் அவர். பள்ளி விடும் நேரத்தை மாற்றியும், ஒரு நிறுத்தத்தில் பெரியவர் ஒருவரை நிற்கவைத்தும் கத்தியைக் கீழே வைக்கச் செய்திருக்கிறோம்.

பொலிஸில் சொன்னால் பழிவாங்கமாட்டார்களா?

அந்த ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால்தான் தனியாகச் சொல்ல வேண்டாம் என்கிறோம். என்ன சொல்வது, எப்போது, எங்கே இருந்து என்று முதலில் கூடித் திட்டம் போடுவோம். பெயர் தராமல் தகவல் மட்டும் கொடுக்க 'கிரைம்ஸ்டொப்பர்ஸ்' 0800 555 111 இருக்கிறது. அழைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கமாட்டார்கள். ரயிலில் தனியாகத் தடுமாறும் பிள்ளையைக் கண்டால் 61016-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள், ரயில்வே பொலிஸுக்குப் போகும்.

ஊரில் சீருடையைக் கண்டு ஒளிந்த தலைமுறை நாங்கள். அந்த நடுக்கம் முப்பது ஆண்டு கழித்தும் போகாது, எனக்கும் போகவில்லை. 2000-களின் தொடக்கத்தில் லண்டனில் தமிழ் இளைஞர் குழுக்கள் வாள் எடுத்து வெட்டிக்கொண்ட காலத்திலும் சாட்சி சொல்ல வந்தவர்கள் குறைவு. அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தது பிள்ளைகள்.

சோசல் வேர்க்கர் வந்தால் பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களா?

அவர்களாக அப்படிச் செய்ய முடியாது. 1989-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி, பிள்ளையைப் பெற்றோர் விருப்பத்துக்கு எதிராகக் கவுன்சிலின் பொறுப்பில் எடுக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். உடனடி ஆபத்தில் பொலிஸ் 72 மணி நேரம் வரை பாதுகாப்பில் எடுக்கலாம், அவ்வளவுதான். வெளியே இருக்கும் குழுவால் வந்த ஆபத்துக்குப் பெரும்பாலும் குடும்பத்தோடு சேர்ந்துதான் வேலை செய்வார்கள்.

ஒன்று மட்டும்: சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதற்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதீர்கள். "உங்கள் மகன் ஐந்து முறை காணாமற்போயிருக்கிறான்" என்பதை அந்த மகனே தமிழில் சொன்னால், "நன்றாகப் படிக்கிறானாம்" என்றுதான் உங்கள் காதில் விழும்.

பேசாமல் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ அனுப்பிவிடலாமா?

மாதம் ஒருவராவது கேட்கிறார். மாமா வீட்டில் இரண்டு வருடம் இருந்தால் திருந்திவிடுவான் என்ற நம்பிக்கை. பிள்ளை அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்கிறான். கடன் அப்படியே நிற்கிறது. அவன் இல்லாதபோது தம்பியைத் தேடி வருகிறார்கள். ஏமாற்றி விமானம் ஏற்றினால் உங்கள் மீது அவனுக்கிருந்த கடைசி நம்பிக்கையும் போய்விடும். இடம் மாறுவது சில நேரம் உண்மையிலேயே தேவை. கவுன்சில் அல்லது வீட்டுச் சங்கத்தின் வாடகை வீட்டில் இருப்பவர்கள் உயிராபத்து இருந்தால் லண்டனின் வேறு பகுதிக்குக் குடும்பமாக மாற ஏற்பாடு இருக்கிறது. அதை முதலில் கேட்டுப் பார்ப்போம்.

மகனின் வங்கிக் கணக்கில் யாரோ காசு போட்டு எடுக்கிறார்கள்.

உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதை 'ஸ்குவேர்ஸ்' என்பார்கள், சட்டம் பணச் சலவை என்கிறது. கணக்கு மூடப்படும், மோசடிப் பதிவு ஆறு ஆண்டு வரை நிற்கும். அப்புறம் மாணவர் கடனோ போன் ஒப்பந்தமோ எடுப்பதே பெரும்பாடு.

பெண் பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டா?

உண்டு, கண்ணில் படுவதுதான் குறைவு. பொருளை மறைத்து வைக்க, வாடகைக்கு அறை எடுக்க, அதைவிட மோசமானவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். 'காதலன்' என்ற பெயரில்தான் தொடங்கும். வீட்டில் காதலே குற்றம் என்றால் அவள் மிரட்டலைச் சொல்ல எங்கே போவாள்? அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், படத்தை அழிக்கவும் வேண்டாம். 18 வயதுக்குட்பட்டவர் படமென்றால், பிள்ளைகளுக்கான தொலைபேசி உதவிச் சேவையான சைல்ட்லைன் நடத்தும் 'ரிப்போர்ட் ரிமூவ்' சேவை மூலம் இணையத்திலிருந்து நீக்கக் கேட்கலாம். ஆண் பிள்ளைகளுக்கும் இதே வழிதான்.

நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள்?

ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். முதல் சில வாரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும்: நடந்துகொண்டு கதைப்போம், சாப்பிடுவோம், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்போம். அவன் மூன்று முறை வராமல் விட்டாலும் நான்காவது முறையும் போவோம். நம்பிக்கை வந்தபின் பள்ளியோடும் நீதிமன்றத்தோடும் அவனுக்காகக் கதைப்போம்.

குத்துக்காயத்தோடு வந்தவரின் படுக்கை அருகிலேயே இளையோர் பணியாளர் ஒருவர் போய் நிற்கும் முறை லண்டனில் 2006-இல் கிங்ஸ் கொலிஜ் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. பிறகு வைட்சப்பல், பாடிங்டன், டூட்டிங்கில் இருக்கும் மற்ற மூன்று பெரிய விபத்துச் சிகிச்சை மையங்களுக்கும் பரவியது. காயம் தைக்கப்பட்ட அந்த ஒரு மணி நேரத்தில் "இது எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் பையன், வீட்டுக்குப் போய் நண்பர்கள் நடுவே அதைச் சொல்லமாட்டான். அதனால்தான் அந்த அவசரம்.

நான் சொல்வது வெளியே போகுமா? கோயிலில் நாலு பேர் கதைப்பார்களே.

உங்கள் சமூகத்தில் யாருக்கும் போகாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கவுன்சிலிடமோ பொலிஸிடமோ சொல்லியாக வேண்டும். அப்போதும் முடிந்தவரை முன்கூட்டியே உங்களிடம் சொல்வோம். தமிழர் அல்லாத பணியாளர் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அதில் எங்களுக்கு எந்த மனவருத்தமும் இல்லை.

கட்டணம்?

கிடையாது. யாராவது உங்களிடம் காசு கேட்டால், அது நாங்கள் இல்லை. எந்த அமைப்பையும் தொண்டு நிறுவன ஆணையத்தின் பதிவேட்டில் தேடிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எனக்கு 15 வயது. அம்மாவின் போனில் இதைப் படிக்கிறேன்.

தம்பி, தங்கச்சி, யாராக இருந்தாலும்: நீ கடன்காரன் இல்லை. பிள்ளையிடம் போதைப்பொருள் கொடுத்துவிட்டுக் கடன் என்று சொன்னவர்தான் தப்புச் செய்தவர். இன்றிரவு யாராவது உன்னைத் தேடி வருவார்கள் என்றால் 999. இல்லையென்றால் சைல்ட்லைன் 0800 1111, எந்த நேரமும் அழைக்கலாம், காசு இல்லை, அம்மாவின் போன் பில்லிலும் அந்த எண் வராது. பெயர் சொல்லத் தேவையில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் "ஒருத்தர் என்னிடம் காசு கேட்கிறார்" என்று சொல்லு. மிச்சத்தை அவர்கள் மெதுவாகக் கேட்பார்கள். அழைத்த பிறகு போனில் அந்த எண்ணை அழித்துவிடு.